அடுத்த மாசம் வருவாங்க

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஐந்தரைக்குக் காபி. மிஞ்சிய சாதத்தில் மோர் ஊற்றி டப்பாவில் எடுத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு அன்றைய வேலைகளை டைரியில் எழுதினேன். 7.30 சிட்லபாக்கம், சேகர் சார், பால் காய்ச்சுதல். 11.00 சேலையூர், டபுள் பெட்ரூம், சாவி வாங்க வேண்டும். 4.00 மாடம்பாக்கம், பார்ட்டி போன் செய்தால்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது வருடங்களாக வீட்டு புரோக்கர் வேலை செய்கிறேன். வீடு தேடி வருகிறவரைத்தான் நாங்கள் பார்ட்டி என்போம். அன்று எழுதிய மூன்றில் முதல் வேலையோடு நாள் முடிந்துவிட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூன்று கேள்விகள்

ஹவுஸ் ஓனர்கள் முதலில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். வெஜ்ஜா நான்வெஜ்ஜா? எத்தனை பேர்? பேமிலியா பேச்சிலரா? மூன்றாவதுதான் கஷ்டம். தனியாக வந்தால் ஐம்பத்திரண்டு வயது ஆளும் இங்கே பேச்சிலர்தான்.

சேகர் சாருக்கு அந்த வயது. திருமுடிவாக்கத்தில் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மனைவி இறந்து இரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. பம்மலில் அவர் குடியிருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஓனர்களும் புது ஆளை ஏற்ற மாட்டார்கள். திங்கட்கிழமை ஆடி ஒன்று. அதற்குள் வீடு அமையாவிட்டால் ஒரு மாதம் அவருக்குப் போக்கிடம் இல்லை.

ஆறு வீடு காட்டினேன். நான்கில் வாசலைத் தாண்டவில்லை. "தனி ஆளா? வேணாம்மா. ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, தண்ணி கிண்ணி போடுவாங்க" என்றார் ஒருவர்.

வெளியே வந்ததும் சேகர் சார், "எனக்கு ஃப்ரெண்ட்ஸே கிடையாது மேடம். அதையாவது சொல்லியிருக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏழாவது வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், முதல் மாடி. ஓனர் மரகதம் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, கீழ்வீட்டில் இருந்தார். படியேறும்போது சேகர் சாரை நிறுத்தினேன்.

"கேட்டா, மிஸஸ் ஊர்ல இருக்காங்க, அடுத்த மாசம் வருவாங்கன்னு சொல்லிடுங்க சார்."

"அவ இல்லையே மேடம்."

"எனக்குத் தெரியும் சார். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? மூணு மாசம் போனா உங்க முகம் பழகிடும். அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க."

தொழிலில் பலரும் செய்வதுதான். நானும் அப்படித்தான் குடியிருக்கிறேன். என் கணவர் என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் ஹவுஸ் ஓனரைப் பொறுத்தவரை அவர் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும், "இந்த வருஷமாவது லீவு கெடச்சுதாம்மா?" என்று கேட்பார். "கெடைக்கலைங்க" என்பேன். எனக்குப் பழகிவிட்டது. எல்லோருக்கும் பழகிவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

2. சமையலறை ஜன்னல்

மரகதம் அம்மா நேராகவே கேட்டார். "மிஸஸ் பேர் என்ன சார்?"

சேகர் சார் சொன்னார்: "கலைச்செல்வி."

"ஊர்ல இருக்காங்களா?"

"ஆமாம்மா. திண்டிவனத்துல. அவங்கம்மாவுக்கு உடம்பு முடியல."

திண்டிவனமும் மாமியாரின் உடம்பும் நான் சொல்லிக்கொடுத்தவை அல்ல. பிறகு அவராகவே சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தார். "இது அவளுக்குப் பிடிக்கும். கடுகு தாளிச்சாலே தும்முவா. காத்து வேணும் அவளுக்கு."

மரகதம் அம்மா சிரித்துவிட்டார். "எனக்கும் அதே கதைதான் சார். வரட்டும், மேல ஒரு தும்மல் கீழ ஒரு தும்மல்னு போட்டுக்கறோம்."

அதுவரை என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத சேகர் சார், அந்தக் காலி வீட்டில் இருபது நிமிடம் பேசினார். கிரைண்டரை எந்த மூலையில் வைப்பாள், பால்கனியில் எத்தனை தொட்டி வைப்பாள், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வீடு பேசி முடிந்துவிட்டது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

3. தட்டு

வெள்ளிக்கிழமை ஏழு இருபதுக்கு நான் போனபோது, சாமான் ஏற்றிய குட்டி யானை வண்டி வாசலில் நின்றது. எதையும் இன்னும் இறக்கவில்லை. முதலில் பால் காய்ச்ச வேண்டும். சேகர் சார் ஒரு அடுப்பையும் புதுப் பாத்திரத்தையும் மட்டும் மேலே கொண்டுபோய் வைத்திருந்தார்.

மரகதம் அம்மா ஒரு தட்டோடு படியேறி வந்தார். மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, இரண்டு முழம் மல்லிகை.

"எங்க சார் கலைச்செல்வி? பால் காய்ச்சவாவது வந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

நான் குறுக்கே புகுந்தேன். "அவங்களுக்கு பஸ் கெடைக்கலையாம். நீங்களே உங்க கையால அடுப்பை ஏத்திடுங்க."

"ஏத்தறேன், அதுக்கென்ன. முதல்ல ஒரு போன் போட்டுக் குடுங்க சார். வாங்கன்னு நானே ஒரு வார்த்தை கூப்பிடறேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

சேகர் சார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளி ஒரு பெயரில் நிறுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கலைச்செல்வி என்ற பெயர் அதில் இன்னும் இருந்தது. அழைக்காமல் போனைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

மரகதம் அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அதுவரை 'நீங்க' என்றே பேசியவர், "இல்லாதவங்களுக்கு என்னைப் பூ வாங்க வெச்சுட்டியேம்மா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாகப் பேசவில்லை. "தனி ஆள்னு முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா இனிமே முடியாது. மாடியில காலடிச் சத்தம் கேக்கறப்பல்லாம் இதுதான் ஞாபகம் வரும்" என்றார். பிறகு சேகர் சாரிடம் திரும்பி, "காபி சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றார்.

"வேணாம்மா" என்று கும்பிட்டுவிட்டு, சேகர் சார் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கீழே வண்டி டிரைவர் கேட்டார்: "இன்னா சார், பாலு அதுக்குள்ள பொங்கிடுச்சா? எறக்கலாமா?"

"இல்லப்பா. வண்டியத் திருப்பு."

"எங்க திருப்பறது? பத்து மணிக்கு மேடவாக்கத்துல வேற லோடு கீது சார். பேஜார் பண்ணாத."

"ராஜகீழ்ப்பாக்கம். என் ஆபீஸ்" என்றேன்.

என் ஆபீஸ் பத்துக்கு எட்டு அடி. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், கிரைண்டர், இரண்டு நாற்காலி, ஒன்பது அட்டைப்பெட்டி. எல்லாம் அதற்குள் போயின. சேகர் சார் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் தங்குவதாகச் சொன்னார்.

"தப்பு என்னுது சார்" என்றேன்.

"நானும்தானே சொன்னேன் மேடம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சொல்லச் சொல்ல நல்லா இருந்துச்சு."

மற்ற இரண்டு வேலைகளையும் ரத்து செய்தேன். மோர் சாத டப்பாவைத் திறக்கவே இல்லை. வீட்டுக்குப் போகும்போது ஹவுஸ் ஓனர் வாசலில் நின்றிருந்தார். "என்னம்மா, இன்னிக்கு சீக்கிரம்?" என்றார். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஓனரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நாம் படியிறங்கிப் போய்விடலாம். அந்தப் பொய்யோடு அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் பார்ட்டி. அவரால் முடியுமா என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எட்டு மணிக்கு ஆபீஸ் ஷட்டரைத் தூக்கினேன். மேஜைக்குப் போக வழியில்லை. கட்டிலில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்தேன். முதல் போன் சேலையூர் ஓனருக்கு.

"சார், வீடு கேட்டு ஒருத்தர் இருக்கார். ஐம்பத்திரண்டு வயசு. ஒரே ஆள். மனைவி இறந்துட்டாங்க. நாளைக்குள்ள வேணும்."

"யோசிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நம்பரைப் போட்டேன்.