வேலிக்கு வெளியே இருபது, திருட்டில் இருபது

லெயோகாடியோ பேஸ்பாலில் அடித்த பந்து ஒன்று எங்கள் சான் பெத்ரோவில் கிளம்பி, கடலைத் தாண்டி, போர்த்தோ ரிக்கோவில் ஒரு பாதிரியாரின் பூசணித் தோட்டத்தில் விழுந்தது. அது விழுவதற்குள் அவன் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து, ஒரு தட்டு வறுத்த வாழைக்காயையும் தின்று முடித்திருந்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். பந்து விழுந்தது ஆலைக் கரும்புக்குள். வாழைக்காயும் அரைத் தட்டுதான்.

காடியோ என்று நாங்கள் கூப்பிடும் இவன் என் சித்தப்பா மகன், எனக்கு இளையவன். சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கும் வேலை. பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி உடம்பு. அந்த உடம்பு மட்டையை வீசினால் பந்து வேலியைத் தாண்டும், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இடது பக்கத்து வேலியைக் கரும்பு வண்டிகளுக்கு வழிவிட்டு உள்ளே தள்ளிப் போட்டிருந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் சொந்தக்காரி, சொல்ல மாட்டேன்.

ஆச்சரியம், அந்த உடம்பு ஓடியதில்தான். எறிகிற பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்புகிற நொடியில் இவன் முதல் தளத்திலிருந்து கிளம்பிவிடுவான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கிற கேட்சர் அதை வாங்கி இரண்டாம் தளத்துக்கு எறிவதற்குள், புழுதியோடு சறுக்கி அங்கே போய்ப் படுத்திருப்பான். தளம் திருடுவது என்றால் இதுதான்.

வேலி தாண்ட அடிக்கிறவன் எங்கள் ஊரில் ஓடமாட்டான். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடப்பான். திருடுகிறவன் கொசு மாதிரி இருப்பான். அவன் அடித்தால் பந்து பிட்சரையே தாண்டாது. அதனால் ஆலை வாசலில் தொங்கிய பலகையில் இரண்டு வரிசை. ஒரே பருவத்தில் வேலி தாண்டி இருபது ஹோம் ரன் அடித்தவர்கள் இடப்பக்கம், இருபது தளம் திருடியவர்கள் வலப்பக்கம். இரண்டு பக்கத்திலும் ஒரே வருஷத்துக்கு ஒரே பெயர் வந்ததே கிடையாது. காடியோவுக்கு அது வேண்டும். முடிவெட்டும் கடையில் வாய்விட்டும் சொல்லிவிட்டான்.

அவஸ்தை அவன் மனைவி நூரிஸுக்கு. "ஒண்ணு கால்சட்டைய முட்டியில கிழிச்சுட்டு வர்ற, இல்லேன்னா பின்னாடி கிழிச்சுட்டு வர்ற. நீ பலசாலியா, திருடனான்னு ஒரு முடிவுக்கு வா. நான் ஒரு பக்கமாவது நிம்மதியா தைப்பேன்."

அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. இடது முட்டி ஒவ்வொரு சறுக்கலுக்கும் பூசணிக்காயாக வீங்கியது. இந்தப் பருவத்தோடு ஓட்டத்தை மற, இல்லையென்றால் கம்பூன்றித்தான் நடப்பாய் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கடைசி ஆட்டத்துக்கு அவன் வந்தபோது ஹோம் ரன் இருபது, திருட்டு பத்தொன்பது. ஒன்றே ஒன்று பாக்கி.

எதிரே துறைமுக அணி. அதன் கேட்சர் ஃப்ரெமியோ, நூரிஸின் கூடப்பிறந்த தம்பி. அந்த அணி அந்த வருஷம் கடைசி இடம். ஜெயிக்க வேண்டும் என்ற கவலை இல்லை; காடியோவைத் தடுப்பது ஒன்றே அவர்களுக்குத் திருவிழா. அதற்கு ஃப்ரெமியோ கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை யோசிக்க ஒரு துறைமுகக்காரனால்தான் முடியும்.

காடியோ மட்டையோடு வந்ததும், பிட்சர் மெத்தென்று, பழுத்த மாம்பழம் மாதிரி ஒரு பந்தைப் போட்டான். காடியோவின் கை கேட்குமா? ஓங்கி ஒரு அடி. வேலிக்கு அப்பால். ஹோம் ரன் அடித்தவன் எல்லாத் தளத்தையும் சும்மா நடந்தே சுற்றிவிடலாம், திருட எதுவும் மிச்சமிருக்காது. சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு சுற்றி வந்தான்.

"வாழ்த்துக்கள் மச்சான்," என்றான் ஃப்ரெமியோ.

இரண்டாம் முறையும் மாம்பழம். இரண்டாம் முறையும் கரும்புக்காடு. "கைய அடக்குய்யா," என்று நூரிஸ் பெஞ்சிலிருந்து கத்தினாள். "அடக்கினேன்டி, அது கேக்கல," என்று இவன் பதில் சொல்லிக்கொண்டே நடந்தான். மூன்றாம் முறையும் அதே கதை. கணவன் மூன்று ஹோம் ரன் அடித்ததற்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்த பெண் உலகத்திலேயே நூரிஸ் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எட்டாவது சுற்றில் கடைசியாக வந்தான். பந்து வந்ததும் மட்டையைக் குறுக்கே பிடித்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி, பந்தைக் காலடியில் உருட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓடினான். துறைமுகக்காரர்கள் சிரித்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தும் விட்டான்.

இனி ஓட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் எர்சிலியா டீச்சர் குறுக்கே நிற்கிறார். ஆலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஆட்டக்குறிப்பு எழுதுவதும் அவர்தான். பன்னிரண்டுக்கு இரண்டு என்று எங்கள் ஆலை அணி முன்னால் இருந்தது, பெரும்பாலும் காடியோவின் புண்ணியத்தில். அவ்வளவு பின்தங்கியவர்கள் ஓடுகிறவனைத் தடுக்க மெனக்கெடுவதில்லை. தடுக்காவிட்டால் அது திருட்டுக் கணக்கில் வராது.

"கேட்சர் எறிஞ்சாத்தான் எழுதுவேன்," என்றார் டீச்சர், பென்சிலைச் சீவிக்கொண்டே. "சும்மா விட்டா அது உலாத்தல்."

ஃப்ரெமியோவுக்கும் இது தெரியும். பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "போயிட்டு வா மச்சான். கதவு தெறந்துதான் கெடக்கு."

"எறிடா."

"எதுக்கு? கை வலிக்குது."

"அது கையா? வாழைக்காய் மசிக்கத்தான் லாயக்கு."

"ஆமா மச்சான், அதுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"துறைமுகத்துல உன் மூட்டையையும் சேத்து மத்தவன்தான் தூக்குறானாமே?"

"நல்லவங்க. நீ கெளம்பு."

அதற்குள் ஆலை அணியில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆளுக்கும் இன்னும் ஒரே ஒரு பந்துதான். அவனும் போனால் சுற்று முடிந்தது, பருவம் முடிந்தது, காடியோவின் முட்டியும் முடிந்தது. காடியோ முதல் தளத்தில் நின்று ஊர் கேட்கச் சொன்னான்: "தவக்காலத்துக்கு உங்கம்மா குடுத்தனுப்புற பீன்ஸ் பாயசம் இருக்கே, அத வருஷா வருஷம் நான் பன்னிக்குத்தான் ஊத்துறேன்."

அந்த அம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசிறி நின்றது. "அந்தக் கிண்ணத்தையா நான் கழுவிக் கழுவித் திருப்பி அனுப்பினேன்?" என்றாள் நூரிஸ், சன்னமாக.

பந்து வந்தது. காடியோ பாய்ந்தான். ஃப்ரெமியோ எழுந்து எறிந்தான். துப்பாக்கிக் குண்டு மாதிரி போனது பந்து. புழுதி எழும்பி, இறங்கி, நடுவர் இரண்டு கையையும் விரித்தார். தப்பித்தான். எர்சிலியா டீச்சர் இருபது என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

பலகையில் இரண்டு பக்கமும் பெயர் ஏறியது. மாமியார் வீட்டுப் பாயசம் ஆறு தவக்காலத்துக்கு வரவில்லை. ஏழாம் வருஷம் வந்தது, மூடியில் ஒரு சீட்டோடு: பன்னிக்கு.

இவ்வளவையும் எழுதி, காடியோ வீட்டில் வைத்து ஃப்ரெமியோவுக்கு வாசித்துக் காட்டினேன். காடியோ சேவல்களுக்குத் தீனி போடப் பின்பக்கம் போயிருந்தான். அவன் போய்விட்டானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஃப்ரெமியோ சொன்னான்:

"கோவமாவது ஒண்ணாவது. எங்கம்மா பாயசத்த நானே குடிச்சதில்லக்கா. எறியலேன்னா டீச்சர் எழுத மாட்டாங்க, வேகமா எறிஞ்சா அவன் அவுட்டு. பத்தொம்போதோட நின்னிருந்தா அந்தப் பொலம்பல எங்கக்கா காலம் பூரா கேட்டிருக்கணும். துப்பாக்கிக் குண்டுன்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பந்து பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஏறி, சீட்டு வாங்கி, மெதுவாத்தான் போச்சு. அத மாத்துங்க."