நீலக் கோட்டுக்குள் மூலைமட்டம்

தோட்டவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் சித்தப்பா கதிரையும் மேசையும் செய்துவந்தார். உளியும் வாளும் எங்கே கிடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. அளக்கிற சாமான்கள் மட்டும், அவர் நின்ற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் சுவரில் தொங்கவேண்டும். தேடப் போனால் அளந்தது மறந்துபோய்விடும் என்பார். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றால் ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைச் சுவரில் கோடு வரைந்திருந்தார். ஒன்றை எடுத்தால் அதன் உருவம் வெறுமையாக நின்று காட்டிக்கொடுக்கும். திரும்பிப் பாராமலே வலது கையை நீட்டி வேண்டியதை எடுப்பார். எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது.

சண்டைக் காலம். பொழுதுபட்டால் ஊரடங்கு. அதனால் நானும் மாமியின் மகனான மச்சானும் வீட்டுக்குள் காய் அடித்து விளையாட ஒரு கரம்போட் செய்யத் தொடங்கினோம். பலகை கிடைத்தது, சட்டம் கிடைத்தது. மூலைகள்தான் கோணிக்கொண்டே போயின. மூலை நேர்தானா என்று பார்க்கிற, 'ட' வடிவ மூலைமட்டம் இருந்தால் அன்றைக்கே விளையாடலாம். கேட்டிருந்தால் சித்தப்பா தந்திருப்பார். ஆனால் கூடவே வந்து தானே செய்தும் தந்துவிடுவார். எங்களுக்கு அது எங்கள் கையால் ஆக வேண்டும். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

மூன்று மூலைகள் சரிவந்துவிட்டன. நாலாவதில் ஆணி அடிக்கும்போது மச்சானின் தங்கச்சி மூச்சிரைக்க வந்தாள். எங்கள் வீட்டில் ஆமி நிற்கிறதாம். மூலைமட்டம் எங்கே என்று சித்தப்பாவைக் கேட்கிறார்களாம், அவர் தெரியாது என்கிறாராம்.

மச்சான் சுத்தியலைக் கீழே வைத்தான். "உன்ர சித்தப்பா ஆமியிட்டயே முறைப்பாடு குடுத்திட்டாரடா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வெறும் நீலக் கோட்டை ஒரு சிப்பாய் கண்டதும், கட்டைப் பிடியும் நீண்ட குழலுமாக அது அவனுக்குப் பிஸ்டலாகத் தெரிந்ததும், சித்தப்பா "அது மூலைமட்டம்" என்று சொல்லச் சொல்ல அவன் நம்பாததும் நான் பின்னால் அறிந்தவை. அந்த நேரம் என் மனதில் ஒன்றுதான் ஓடியது: அவர் என்னைக் காணுமுன் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

அந்த ஓட்டத்தைப்போல் உற்சாகமாக நான் பிறகு எதையும் செய்ததில்லை. மூலைமட்டத்தைச் சட்டைக்குள் செருகி, கிடுகுவேலிப் பொட்டால் நுழைந்து, முருங்கைக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தேன். முற்றத்தில் சித்தப்பா தலைக்குப் பின்னால் கைகளைக் கட்டி நின்றார். ஒரு சிப்பாய் காவல். மற்றவன் ஆமிப் பெரியவரைக் கூட்டிவரப் போயிருந்தான். ஒரே பாய்ச்சலில் கொட்டிலுக்குள் போய் ஆணியில் மாட்டினேன். கோட்டுக்குள் அச்சாகப் பொருந்தியது. ஆடியதை விரலால் நிறுத்திவிட்டு வெளியே வரும்போது சித்தப்பா தலையை மெல்லத் திருப்பியதுபோல் இருந்தது. நான் வேலியோரம் குந்திக்கொண்டேன். சிரிப்பு வந்தது.

பெரியவர் வந்தார். சிப்பாய் கைவிரல்களால் துவக்குக் காட்டியபடி கொட்டிலுக்குள் கூட்டிப்போனான். உள்ளே பெரியவர் சிரித்தது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. வெளியே வந்து கொச்சைத் தமிழில் கேட்டார்.

"முந்தி இல்லை. இப்ப இருக்கு. உள்ள யார் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை ஐயா. அது அங்கதான் தொங்கினது. பதட்டத்தில நான்தான் பாக்கேல்லை."

"முந்தி தெரியாது சொன்னது. இப்ப வேற கதை."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் கூப்பிடுதூரத்தில் இருந்தேன். நான்தான் எடுத்தேன் என்று எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமிக்குப் பயந்து அல்ல. கேளாமல் எடுத்ததற்குப் பேச்சு விழுமே என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

சில நாட்களில் விட்டுவிட்டார்கள். வந்தவர் முதல் வேலையாகச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசி நீலக் கோடுகளை மறைத்தார். அளக்கிற சாமான்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார். ஒவ்வொரு தடவையும் குனிந்து, இடது கையால் திறந்து எடுத்தார். என் கைக்கு எட்டக்கூடாது என்றுதான் பூட்டுகிறார் என்று நினைத்து, அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மச்சான் வீட்டுக்கு வந்தார். கரம்போட்டின் மூலைகளில் விரல் வைத்துப் பார்த்தார்.

"நாலும் சரியா வந்திருக்கு. நல்லா அளந்திருக்கிறியள்."

எதனால் அளந்தோம் என்று அவர் கேட்கவில்லை. தப்பினோம் என்று மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகிழ்ச்சி தாங்காமல் முதல் ஆட்டத்தை அவருக்கே கொடுத்தேன். வலது கையை மடியில் வைத்தபடி, இடது கையால் அடித்தார். காய் எங்கோ போனது. எங்களை வெல்லவிடத்தான் அப்படி விளையாடுகிறார் என்று மச்சான் என் காதில் சொன்னான். நானும் அதை நம்பினேன்.