ஞாயிற்றுக்கிழமை படுக்காத பேட்டரி

டிக்... டிக்... டிக்...

செல்ஃப் பட்டனை அழுத்தினால் இந்தச் சத்தம் மட்டும்தான் வரும். மீட்டரில் பச்சை விளக்கு மினுக்கிவிட்டு அணையும். மிதித்துக் கிளப்பக் கிக்கர் இல்லாத பைக். மூன்று பேர் தள்ள, செகண்ட் கியரில் போட்டு விட்டால்தான் உயிர் வரும்.

அப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். வீடு ஆமத்தூர். மனைவிக்கு ஒன்பதாம் மாதம். துணைக்கு என் அம்மா மட்டும்தான். வலி எடுத்துப் போன் வந்தால் நான் உடனே கிளம்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி தினமும் சாயங்காலம் செத்துக் கிடந்தது.

புது பேட்டரி மாற்றினேன். பத்தே நாள்... மறுபடியும் டிக் டிக்.

மெக்கானிக் முனீஸ் என்னோடு படித்தவன். மீட்டர் வைத்துப் பார்த்தான். சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, ஒயரிங்கில் லீக் இல்லை. மீட்டரை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஏலே, ஞாயித்துக்கிழம என்னைக்காச்சும் படுத்துருக்கா?"

யோசித்தேன். ஒருநாள்கூட இல்லை.

"அப்பம் வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒன் கம்பெனியில போய்ப் பாரு."

எங்கள் கம்பெனியில் போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்ச்மேன் கருப்பசாமி அண்ணாச்சி வாங்கி வைப்பார். அவசரம் என்றால் எடுத்துப் பேசி உள்ளே வந்து சொல்வார். வண்டிகளை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், ரோட்டைப் பார்த்து நிறுத்திச் சாவியை வண்டியிலேயே விட வேண்டும். உள்ளே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எந்த வண்டியையும் யாரும் எடுக்கலாம், அதற்காகத்தான்.

யாரோ என் வண்டியை எடுத்து ஊர் சுற்றுகிறார்கள் என்று சந்தேகம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கோபமாக வேப்பமரத்தடிக்குப் போனேன்.

வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் சாவி ஆனில் இருந்தது. ஹேண்டில்பாரில் நான் ஆசைப்பட்டு மாட்டிய மொபைல் சார்ஜரில் ஒரு ஒயர். அதன் நுனியில், வெயில் படாமல் மஞ்சள் கைக்குட்டையில் சுற்றி... என் போன்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க போனு பத்து மணிக்கே அணைஞ்சு போயிருது தம்பி. நம்ம ரூம்ல பிளக்கு கெடையாது. வீட்ல வேற நாள் நெருங்கிருச்சு... கால் வந்தா தெரிய வேண்டாமா?"

"எம்புட்டு நாளா அண்ணாச்சி?"

"ஒரு மாசம் இருக்கும். ஆனா சாயங்காலம் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிருவேன். பேட்டரி வீணாப் போகக் கூடாதுல்ல."

கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே பவர் பேங்க் ஒன்று வாங்கி, மறுநாள் காலை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரம்... திரி வைக்கிற ரூம் வாசலில் நின்றிருந்தேன். கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. அண்ணாச்சி பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தார்.

"தம்பி, வலி எடுத்துருச்சாம். ஒங்கம்மா ஆட்டோல ஏத்திட்டாகளாம். நீங்க நேரா விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

ஒரே அழுத்து. வண்டி கிளம்பிவிட்டது. நான் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

இப்போது சிவகாசியில் ஒரு பிரிண்டிங் ஆபீஸில் வேலை. மேஜைக்கு மேஜை பிளக். போன் சட்டைப் பையில், சாவி பேண்ட் பையில். வண்டியும் படுப்பதில்லை.

போன வாரம் மதியமே போன் அணைந்துபோயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை, ஆபீஸில் யாரும் கவனிக்கவும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள்: "எத்தன தடவப்பா போன் பண்றது?"

சார்ஜ் இல்லம்மா என்றேன்.

நல்லவேளை... அவள் பிறந்தபோது என் போன் கருப்பசாமி அண்ணாச்சியிடம் இருந்தது.