ஏணியில் நின்று கேட்ட கூடைப்பந்து

போன கிழமை பின்வளவுக் கொட்டிலுக்குள் சைக்கிள் சங்கிலிக்குத் துருப்போக்கும் எண்ணெய் அடித்துக்கொண்டு நின்றபோது டிலானியின் குரல் செய்தி வந்தது. "அண்ணை, அந்த ஃபைனல் வீடியோ உங்களிட்ட எங்கயாவது கிடக்குதோ? மகள் கேட்டு அரியண்டம் தாறாள்." ஒரு கையில் எண்ணெய் டப்பா, மற்றக் கையில் போன். அந்த மணமும் அந்தக் கேள்வியும் ஒன்றாக வந்ததில் நான் நேரே 2009க்குப் போய், லண்டன் நோர்பரியில் ஒரு செங்கல் சுவரில் சாத்திய ஏணியின் உச்சியில் நின்றேன்.

அப்போது நான் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து இரண்டு வருடம். தொழில், டிஷ் பூட்டுவது. ஒரு வான், ஒரு ஏணி, சிக்னல் பிடித்தால் கீச்சிடுகிற ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான் கம்பனி. அந்த நாளில் தமிழ் வீடு எதுவென்று யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. அயல் வீட்டு வெள்ளைக்காரரின் டிஷ் ஒரு பக்கம் பார்க்கும். எங்களுடையது தமிழ்ச் சனல் வருகிற செய்மதியைத் தேடிக் கொஞ்சம் தெற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கிங்ஸ்பரியிலிருந்து பிளேஸ்டோ வரை அப்படி முகம் திருப்பியவற்றில் கனக்க என் கைவேலை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வருடத்தின் முற்பகுதியில், ஊரில் போர் முடிகிற நேரம், அந்த டிஷ்கள் எல்லாம் என்ன செய்தியை இறக்கின என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு வந்த இலையுதிர் காலத்தில் ஒரு வீட்டில் சனம் கூடிச் சத்தம் போட்டுச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. அதன் அருமை அப்போது இருந்தவர்களுக்கு விளங்கும்.

காரணம், டிலானி. பஸ் ஓட்டுகிற சூசை அண்ணையின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே லண்டனில் ஒரு பெண்கள் அணிக்குக் கூடைப்பந்து ஆடினாள். அந்த அணி கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு பர்மிங்ஹாமில் ஆட்டம். அதை ஒரு சின்னச் சனல் நேரடியாகக் காட்டப்போகிறது என்று சொன்னபோது சூசை அண்ணைக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அதன் பெறுமதி அவருக்குத்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கச் சாமிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவர் கூடைப்பந்து அணித்தலைவர். எண்பதுகளில் பிளேஸ்டோவில் ஒரு அறைக்குள் ஆறு பேர் கிடந்த காலத்தில், கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இந்த நாட்டு ஆட்டங்களை அன்டெனாவிலேயே சும்மா பார்த்ததாகச் சொல்வார். "பிறகு டிஷ்ஷுக்குப் போயிட்டுது தம்பி. பிறகு அமெரிக்கன் மட்ச் மட்டும், அதுவும் சாமத்தில. விடிய பஸ் எடுக்கிறவன் சாமத்தில முழிச்சிருக்க ஏலுமோ?" கடைசியாக ஒரு கட்டணச் சனலுக்குக் காசு கட்டினார். அந்தக் கோடையில் அதையும் இழுத்து மூடிவிட்டார்கள். காதலித்தவள் ஒவ்வொரு வருடமும் வீடு மாறினால் ஒருவன் எப்படித் தேடித் திரிவானோ, அப்படித் திரிந்த மனுசன் அவர். இப்போது அதே ரீவியில் சொந்தப் பிள்ளை!

நேரே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போகக்கூடாது என்று தடை. அரையிறுதியில் நடுவர் ஒரு பிழை பிடிக்க, சூசை அண்ணை மைதானத்துக்குள் இறங்கி, காலை எப்படி வைப்பது என்று நடுவருக்கே செய்து காட்டியிருக்கிறார். இரண்டு பேர் வந்து தோளில் கை போட்டு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு டிலானி சொல்லிவிட்டாள்: "அப்பா வந்தா நான் விளையாடமாட்டன். ரீவில பாருங்கோ. ரீவிக்கு முன்னால எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேக்காது."

ஆகவே ரீவிதான் ஒரே வழி. அதில்தான் நான் பிழை விட்டேன். ஆட்டத்துக்கு முதல் கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் அவர் கேட்டார், "தம்பி, எங்கட வீட்டு டிஷ்ஷில எல்லாச் சனலும் வரும்தானே?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் வரும் அண்ணை" என்றேன். எல்லாம் என்றால் எனக்குத் தமிழ்ச் சனல்கள், பிறகு பொழுதுபோகாவிட்டால் இரண்டு மூன்று ஜெர்மன் சனல். இங்கிலாந்துச் சனல் ஒன்றை ஒரு தமிழ் வீடு டிஷ்ஷில் தேடும் என்று என் தொழில் வாழ்க்கையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை!

ஞாயிறு ஒரு மணிக்கு போன். "தம்பி, சனலைக் காணேல்லை. வீடு நிறையச் சனம்." குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. வானை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதேயுங்கள்.

நோர்பரியில் சூசை அண்ணை வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. எங்கள் கோவில் பங்குச் சனத்தில் பாதி உள்ளே. அவர் மனைவி திரேசாக்கா பட்டீஸ் பொரித்த மணம் தெருவுக்கு வந்தது. நான் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஏணியைச் சாத்தினேன். டிஷ்ஷை அயல் வீட்டு வெள்ளைக்காரருடையது போலக் கிழக்கே கொஞ்சம் திருப்பினால் போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் டிஷ்ஷை இறுக்குகிற பூட்டாணி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அரை டப்பா எண்ணெய் அடித்தேன். அசையவில்லை. ஏசினேன், மாதாவே என்றேன், பிறகும் ஏசினேன். கடைசியில் முழுப் பலத்தையும் போட்டு நெம்ப, கழன்றது. கழன்ற கையோடு ஆணியின் மரையும் தேய்ந்து போய்விட்டது. இப்போது டிஷ் எந்தப் பக்கமும் திரும்பும், ஒரு பக்கமும் நில்லாது. காற்று வேறு.

வேறு வழி? இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். மெல்ல நகர்த்தினேன். உள்ளே ஒரு பேரிரைச்சல். "வந்திட்டுது! அப்பிடியே பிடி! மூச்சு விடாதை!"

முழு ஆட்டத்துக்கும் அப்படியே நின்றேன். சூசை அண்ணை யன்னலைத் திறந்துவிட்டு, எனக்காகவே கத்திக் கத்தி வர்ணனை செய்தார். "டிலானி எடுத்திட்டாள்... வெட்டிக்கொண்டு போறாள்... குடுக்காதை, நீயே எறி! ஐயோ, குடுத்திட்டாள்... மற்றவள் போட்டிட்டாள்!" ஒரு படமும் நான் காணவில்லை. ஆனால் சொல்கிறேன், அதைப் போல ஒரு ஆட்டத்தை அதற்குப் பிறகு எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை. கை மரத்துப்போனது, மூக்கு வழிந்தது, நானும் ஏணியில் நின்று "எறி பிள்ளை, எறி!" என்று கத்தினேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கடைசி வினாடிகள். ஒரு புள்ளி பின்னால். டிலானியைத் தள்ளி விழுத்திவிட்டார்கள். யாரும் மறிக்காமல் நின்று எறிய அவளுக்கு இரண்டு எறி. முதலாவது உள்ளே. சமம்! வீடு இடிந்து விழுகிற சத்தம். அப்போது சூசை அண்ணையின் குரல், அதட்டலாக: "சத்தம் போடாதேங்கோ! பிள்ளைக்குக் கேக்கும்!"

ஒரு வீடு முழுக்க வாயை மூடியது. பர்மிங்ஹாமில் நிற்கிற பிள்ளைக்காக நோர்பரியில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், யன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். டிஷ் கையில் நழுவியது. படம் சதுரம் சதுரமாக உடைந்து கறுத்துப்போனது.

வாங்கிய ஏச்சை எழுத முடியாது. திரும்பப் பிடித்தபோது திரையில் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்களாம், டிலானியின் அணி. வென்றுவிட்டார்கள்! சூசை அண்ணை வெளியே ஓடி வந்து, ஏணியோடு சேர்த்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரமே தொடங்கிவிட்டார். "கடைசிப் பந்து ரிங்கில ரெண்டு தரம் சுத்தினது. ஒருக்கா வெளியில வரப் பாத்தது. பிறகு யோசிச்சுப்போட்டு உள்ள போனது!" கோவில் வாசலில், கடையில், கலியாண வீட்டில், போன வருடம் கண்ணை மூடும் வரைக்கும் அதைக் கையால் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த ஒருவரும் அதைக் காணவில்லை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை, இப்போது டிலானி இருக்கிற அந்த நோர்பரி வீட்டுக்குப் போனேன். வீடியோ இல்லை என்பதை நேரில் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தச் சின்னச் சனல் எப்போதோ மூடிப்போயிற்று. சுவரில் டிஷ்ஷும் இல்லை, துளைகள் மட்டும். இப்போது எந்த நாட்டு ஆட்டமும் போனில் வருகிறது. பிடித்துக்கொண்டு நிற்க ஒருவரும் தேவையில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது கொஞ்சம் கவலைதான்.

தேநீர் ஊற்றிக்கொண்டே டிலானி மெல்லச் சொன்னாள், "அண்ணை, அது ரிங்கில படவே இல்லை. நேர உள்ள போனது. படம் போனதை அம்மா அண்டைக்கே சொல்லிட்டா. அப்பாட்ட நான் காட்டிக்கொள்ளேல்லை."

மகள் சோபாவில் ஏறி இருந்தாள். வீடியோ இல்லாவிட்டால் கதையாவது வேண்டுமாம். நான் எழுந்து நின்று, சூசை அண்ணையின் வர்ணனையை அவர் குரலிலேயே சொல்லத் தொடங்கினேன். கடைசி எறிக்கு வந்தேன். "அப்ப அம்மப்பா எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னவர். சத்தம் போட்டா அம்மாவுக்குக் கேக்குமாம்."

டிலானி கேத்தலைக் கீழே வைத்தாள். "அப்பாவோ? பேசாமல் இருந்தவரோ?"

"ஓம். ஒரு சத்தமும் இல்லை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிறகு?" என்று மகள் காலை உதறினாள். "அம்மா, பிறகு என்ன நடந்தது?"

"பிறகு," என்று டிலானி விரலைத் தூக்கிக் காற்றில் வட்டம் போட்டாள், "பந்து ரிங்கில ரெண்டு தரம் சுத்தினது."