ஐந்து அணிந்துரையும் ஒரு கத்தரிச் சொத்தையும்

அறுபதுகளில் எம்.ஏ. படித்தபோது, திண்டுக்கல்லில் நடந்த பதிப்புப் பயிற்சி முகாமில் சேர்ந்தேன். கத்தரி சாகுபடி பற்றிய ஒரு சிறு நூலைத் திருத்தி, அச்சிட்டு, வெளியிடுவதுவரை மாணவர்களே செய்ய வேண்டும்.

மதராஸிலிருந்து வந்த பயிற்சியாளர், திருத்துவதைவிட யார் யாரிடம் அணிந்துரை வாங்கலாம் என்பதைத்தான் அக்கறையாகக் கற்றுக்கொடுத்தார். ஐந்து பெரிய மனிதர்கள் படத்தோடு எழுதித் தந்தார்கள். அதில் ஒருவர் வாழையைப் புகழ்ந்திருந்தார்! பதினாறு பக்கத்தில் இடம் போதவில்லை.

“சொத்தைப் புழுவுக்கு மருந்து சொல்ற பக்கத்தை எடுத்துடுங்க. பெரியவங்களை எடுக்க முடியுமா?” என்றார் பயிற்சியாளர்.

என்னோடு படித்த மேதைகள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். அச்சுக் கோத்திருந்த அந்தப் பக்கத்தைக் கலைப்பதற்குள் தனித்தாளாக அடித்து, பிரதிகளுக்குள் செருகிவிட்டேன்.

அருகிலுள்ள ஆத்தூரில் வெளியீட்டு விழா. மாலை, சால்வை, ஐந்து பேரின் பேச்சு. பிரதி வாங்கிய ஒரு விவசாயப் பெண், உள்ளிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். புத்தகத்தைப் பயிற்சியாளரிடமே நீட்டினார்.

“எனக்கு இந்தத் தாளு போதுங்கய்யா. இம்புட்டுப் பெரிய மனுசங்கள நான் எங்க உக்கார வைக்க?”

பயிற்சியாளர் வெட்கப்படவில்லை. சிரித்தபடியே அந்தப் பிரதியை வாங்கி, பக்கத்திலிருந்த இன்னொரு பெரிய மனிதருக்குப் பரிசளித்தார்.

பிறகு நானும் பதிப்புத் தொழிலுக்கே வந்தேன். யாராவது அணிந்துரைகளோடு வந்து நின்றால், இன்றும் நான் முதலில் கேட்பது இதைத்தான்:

“இதற்காக எந்தப் பக்கத்தை எடுத்தீர்கள்?”