வாசலில் நின்றவள்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆளுயர மோட்டார் பொம்மை ஒன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பன்னீர் தெளித்தது. வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் எல்லார் மேலும் ஒரே அளவு. எனக்கும் விழுந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் சாந்தி ஞாபகம் வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தும் போகவில்லை.

சாந்தி என்னோடு கோலியனூரில் படித்தவள். மஞ்சள் பூசாமலே பூசின மாதிரி இருப்பாள். நானோ, முதலில் பல் வர, பின்னால் நான் வருகிற ரகம். வகுப்பில் மல்லாட்டை உரித்து, கடலை தின்று மாட்டிக்கொண்டால், "அவ நல்ல பொண்ணு, நீதான் கெடுக்கற" என்று டீச்சர் என்னைத்தான் வெளியே நிறுத்துவார். மல்லாட்டை கொண்டுவந்ததே அவள்தான். எழுந்து நின்று சொல்லவும் சொல்வாள். யார் நம்பினார்கள்?

ஆண்டு விழாவில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்க அவளைத்தான் எடுத்தார்கள். எனக்கும் அங்கே நிற்க அப்படி ஓர் ஆசை.

"அவளும் நிக்கட்டும் டீச்சர்" என்றாள் சாந்தி.

"அவ உள்ள பெஞ்சு எடுத்துப் போடட்டும்."

விழா முடிந்ததும் ஓடிவந்தாள். பன்னீர்ச் செம்பின் மூடியைத் திருகி, மிச்சப் பன்னீரை என் தலையில் கவிழ்த்தாள். "என் சீஃப் கெஸ்ட்டு நீதான்டி!" தலை துவட்டவே எனக்கு மனம் வரவில்லை.

பத்தாவதில் எல்லாம் தலைகீழானது. ஒரு பையன் சைக்கிளில் அவள் பின்னால் வந்தான், அவ்வளவுதான். 'நல்ல பொண்ணு' என்ற அதே வாய்கள், "இவ சிரிக்காமயா அவன் வருவான்?" என்றன. "இவ்ளோ லட்சணமான பொண்ண வெளிய அனுப்பிட்டு, வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்க முடியாது" என்று அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். சில வருஷம் வீட்டில் வைத்திருந்து, திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். என் பின்னால் எந்தச் சைக்கிளும் வரவில்லை. அந்த ஒரே தகுதியில் என்னைக் கவலையில்லாமல் விழுப்புரத்துக் காலேஜுக்கு அனுப்பினார்கள்.

காலேஜில் படிக்கும்போது ஒருநாள் திண்டிவனத்துக்கு அவளைப் பார்க்கப் போனேன். கதவைப் பாதி சாத்தியபடியே பேசினாள். வாசலில் நின்றால் வீட்டில் திட்டுவார்களாம்.

"டெய்லி பஸ்ல போய்க்கினு வர்றியாடி? ஜன்னல் சீட்டு கெடைக்குதா?"

எவ்வளவு ஆசையாகக் கேட்டாள்! எனக்குத் தினமும் ஜன்னல் சீட்டுத்தான்.

"எங்கடி, நின்னுக்கினேதான் போறேன்" என்றேன்.

"பாவம்டி நீ" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

அடுத்த முறை போனபோது வீடு காலி. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் தெரியவில்லை. அவள் அப்பா வீட்டாரும் அதற்குள் கோலியனூரை விட்டுப் போயிருந்தார்கள். கடைத்தெருவில் எவளாவது எவளையோ "ஏய், என்னடி" என்று கூப்பிட்டால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். இந்த வயதில் என்னை 'டி' போட்டுக் கூப்பிட அவளை விட்டால் எனக்கு யாருமில்லை.