அடுப்பைத் தொடாத மனிதர்

"இந்த ஜென்மத்துல உங்க அடுப்பு முன்னாடி நான் வந்து நிக்க மாட்டேன் மச்சான். அடுப்பையே தொடாம என் குடும்பத்தக் காப்பாத்திக் காட்றேன், பாருங்க."

இந்தப் பிரகடனத்தை ஒருவர் தன் மனைவியின் அண்ணன் வீட்டில், அந்த அண்ணன் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே வெளியிட்டார். உலகத்தின் பெரிய பிரகடனங்கள் பலவும் யாரோ போட்ட சோற்றைத் தின்றுகொண்டு வெளியிடப்பட்டவைதான் என்பதால், இதை ஒரு குறையாகச் சொல்வது அழகல்ல.

மச்சான் பேக்கரிக்காரர். சுவர் உயரத்துக்கு ஒரு அடுப்பும், அதன் எதிரில் நிற்க ஆள் கிடைக்காத கவலையும் அவருக்கு இருந்தன. நம்மவரோ வாடகை நாற்காலிக் கடையில் வேலை பார்த்தவர். பிறந்தநாள் விழாக்களுக்கு நாற்காலி இறக்குவார். விழா முடிந்ததும் அடுக்கி ஏற்றுவார். முதலாளி ஒருநாள் நாற்காலிகளை மொத்தமாக விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துகொண்டார். நம்மவருக்கு உட்கார ஒரு நாற்காலிகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் மச்சான் வாயெடுத்தார்.

"சும்மா இருக்காதீங்க மாப்ள. நம்ம கடைக்கு வந்துருங்க. அடுப்பப் பாத்துக்கங்க."

அதற்குப் பதிலாக வந்ததுதான் மேற்படி பிரகடனம். அதோடு நிற்காமல், "உங்க கேக்கு கடைசியில எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். நாற்காலிக்கு அடியில. பிள்ளைங்க மேல இருக்கிற கிரீம மட்டும் நக்கிட்டு மிச்சத்தக் கீழ தள்ளிருதுங்க. நான்தான கூட்டி அள்ளினேன்" என்று ஓர் ஆய்வறிக்கையையும் இணைத்தார்.

மச்சான் தன் சோற்றைப் பிசைந்தார். மனைவிதான் பேசினாள். "அண்ணே, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி. இவ்வளவு பேசுறதுக்குத் தெம்பு வேணாமா?"

இப்படித்தான் சாக்லேட் பொரித் தொழில் பிறந்தது. செய்முறை எளிது. சாக்லேட்டையும் வெண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். உருகியதும் அரிசிப் பொரியைக் கொட்டிக் கிளற வேண்டும். சின்னச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் கரண்டியால் அள்ளி வைத்து, குளிர்பெட்டியில் தள்ளிவிட்டால் இறுகிவிடும். வாயில் போட்டுக் கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும். அந்தச் சத்தம்தான் சரக்கு; மற்றதெல்லாம் பாக்கிங்.

வெந்நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் குதர்க்கவாதிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. வெந்நீரை மனைவி வைத்தாள். அவர் அந்த நேரத்தில் சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காகிதக் கிண்ணங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார். கொள்கை என்றால் அப்படி.

வாசலில் அட்டை தொங்கியது: "தீயில்லை. புகையில்லை. அடுப்பில்லா இனிப்பு." எதிர்வீட்டுத் தையல்காரம்மா அதை நின்று படித்தார்.

"இதுல என்னங்க விசேஷம்?"

"நெருப்பே படாதது அக்கா. உயிரோட இருக்கும்."

"அப்ப நாங்க இத்தன நாளாத் தின்னதெல்லாம் பொணமா?"

அன்றிலிருந்து தெருவில் அவருக்கு 'அடுப்பு' என்றே பெயர் விழுந்தது. "அடுப்பு வீட்ல இருக்காரா?" என்று கேட்டு வருவார்கள். "இருக்காரு, அணைஞ்சு போய் உக்காந்திருக்காரு" என்று மனைவி உள்ளே அனுப்புவாள்.

குழந்தைகளுக்குப் பொரி பிடித்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிடிக்காமல் போனது வெயிலுக்குத்தான். கோடை வந்ததும் சாக்லேட் பொரி, சாக்லேட்டும் பொரியுமாகப் பிரிந்து தனித்தனியே வாழத் தொடங்கியது. விழாவுக்கு வந்த குழந்தைகளின் வெள்ளைச் சட்டைகளில் அது பெரும் புகழ் பெற்றது. சட்டைகளின் தாய்மார் அடுத்த பிறந்தநாளுக்குக் கேக்கு சொல்லப் போனார்கள், மச்சான் கடைக்கு.

மழைக்காலம் வந்தபோது தொழிலில் மிச்சமிருந்தது அட்டை மட்டுமே. அந்தச் சமயத்தில்தான் அடுக்குமாடியில் இருந்த பல் டாக்டரம்மா தன் மகள் பிறந்தநாளுக்குப் பொரி கேட்டார். கட்டிடத்துக் குழந்தைகள் எல்லாம் வரும் விழா. பிடித்துவிட்டால் அத்தனை வீட்டுப் பிறந்தநாளும் இவர் பக்கம் சாயும். அவர் அந்தக் கட்டிடத்தைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு குழந்தையைக் கற்பனை செய்துவிட்டு வந்தார்.

மனைவி கற்பனைக்கு எதிரி. "இதுவும் போச்சுன்னா திங்கட்கிழம அண்ணன் கடைதான். நான் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அப்புறம் என்னை வில்லின்னு சொல்லக் கூடாது."

"போகாது."

"போகாதுன்னா சந்தோஷம். எனக்கென்ன, உங்களை அந்த வெக்கையில நிக்க வைக்கணும்னு வேண்டுதலா?"

விழாவுக்கு முந்தின நாள் யாரோ வந்து பொரி எப்படி இருக்கிறது என்று கேட்க, அவர் அரிசிப் பொரி இருந்த டின்னைத் திறந்து பெருமையாகக் காட்டினார். காட்டியவர் மூடவில்லை. இரவு முழுக்க மழை. காலையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் பொரி நமத்துப்போயிருந்தது. கடித்தால் எதிர்ப்பே காட்டாமல் சரணடைந்தது. கடைக்கு ஓடினார். கடைக்காரர் பொரியும் அதே மழையில்தான் இருந்தது.

மனைவி வாணலியை எடுத்தாள். "தள்ளுங்க. நமத்த பொரிய வெறும் வாணலியில போட்டு ரெண்டு பெரட்டு பெரட்டினா மொறுமொறுன்னு ஆயிடும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"அடுப்புல வெச்சா அப்புறம் அது அடுப்புப் பண்டம்."

"வெந்நீர் மட்டும் எங்க வெச்சேன், மடியிலயா?"

"வெந்நீர் வேற. அது கிண்ணத்துக்குக் கீழதான் இருக்கு. பொரி வேற."

"யாருக்குங்க தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

இதே வாக்கியத்தை ஒரு நீதிபதியோ தளபதியோ சொல்லியிருந்தால் ஏதாவது முச்சந்தியில் சிலை நின்றிருக்கும். ஒரு டின் பொரிக்காக ஈர லுங்கியோடு நின்று சொன்னதால், மனைவி வாணலியை ஆணியில் மாட்டிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள். "சாக்லேட்டு மூடிரும்" என்று அவர் அவள் முதுகிடம் சொன்னார்.

சாக்லேட் மூடத்தான் செய்தது. பார்வைக்கு அவர் செய்ததிலேயே அழகான பொரி அதுதான். ஒவ்வொன்றும் பளபளவென்று, படம் பிடித்து மாட்டலாம் போல.

பிறந்தநாள்காரி முதலில் கடித்தாள். மென்றாள். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"அங்கிள், இது சத்தமே போடல."

"ஈரப் பேப்பர் மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நீ ஈரப் பேப்பர் தின்னுருக்கியா?"

"ம். இத விட நல்லாருக்கும்."

அதற்குமேல் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. குழந்தைகள் மேலே இருந்த சாக்லேட்டைச் சுரண்டித் தின்றுவிட்டு விளையாடப் போயின. விழா முடிந்ததும் அவர் பழைய பழக்கத்தில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நாற்காலிக்கு அடியில் என்ன கிடந்தது என்பதைச் சொல்ல ஆய்வறிக்கை தேவையில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். யாரும் பார்க்காதபோது ஒன்றை வாயில் போட்டு மென்று பார்த்தார். ஈரப் பேப்பர்காரி சொன்னது சரி.

பல் டாக்டரம்மா மரியாதை தெரிந்தவர். வாசல் வரை வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு வகையில பல்லுக்கும் நல்லதுதான். யாரும் முழுசாச் சாப்பிடல."

திங்கட்கிழமை காலை மச்சான் ஒரு வார்த்தைகூடக் குத்தலாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

"டீ சாப்டீங்களா மாப்ள?"

"ஆச்சு மச்சான்."

யாரோ விட்டுப்போன ஏப்ரனைக் கொடுத்தார். அது அவருக்கு நீளமாக இருந்தது. இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டார். அடுப்பின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், தேய்ந்து எழுத்தழிந்த ஒரு குமிழ் இருந்தது. மாவு வைத்த தட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. அவர் குமிழின் மேல் கை வைத்தார்.

"எந்தப் பக்கம் திருப்பணும் மச்சான்?"

"வலது பக்கம், மாப்ள. மெதுவா."

மெதுவாகத் திருப்பினார்.